கச்சான், நீவாடு, சலாபம்... தூத்துக்குடி கடற்கரைச் சொற்களுக்கு என்ன அர்த்தம்?

"ஏன் இன்னைக்கு கடலுக்குப் போகல?" என்று தருவைகுளம் பக்கம் கேட்டால், "கச்சான் அடிக்குது" என்று இரண்டே வார்த்தையில் பதில் வரலாம். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரையின் சில சொற்களைப் பார்ப்போம்.

தருவை என்றால் என்ன?

மழைநீர் தேங்கும் பெரிய நீர்நிலைதான் தருவை. சாத்தான்குளம் பக்கம் வைரவன் தருவை, புத்தன் தருவை எல்லாம் இப்படிப்பட்டவைதான். தூத்துக்குடி தருவை மைதானத்தின் பெயரிலும் இதே சொல் இருக்கிறது. தருவைகுளம் என்ற பெயரில் தருவை, குளம் என நீருக்கான இரண்டு சொற்கள் சேர்ந்து நிற்கின்றன.

காற்றுக்கு எத்தனை பெயர்?

வடக்கிலிருந்து வந்தால் வாடை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையின் பெயரில் இருப்பதும் இந்த வாடைதான். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து வருவது கச்சான். இலங்கையில் கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான்! கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்குப் பெயர் நீவாடு.

இந்தக் கடற்கரைக்குக் கிழக்கே கடல். அதனால் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் படகைக் கரையை விட்டு வெளியே தள்ளும். கொண்டல் கரைப் பக்கம் தள்ளும். பாய்மரக் காலத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் கடலில் இறங்க முடியாது.

வேலை போனதால் மறைந்த சொற்கள்

சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத்திட்டு, பார். சுறா தாக்காமல் இருக்க மந்திரம் சொல்லிக் 'கட்டுபவர்' கடல்கட்டி. ஆங்கிலேயர் காலப் பதிவுகளிலும் இவர் வருகிறார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதன் பிறகு இந்தச் சொற்களுக்கும் வேலை இல்லாமல் போனது.

வந்த சொல், போன சொல்

மீன் ஏலம் என்கிறோமே, அந்த 'ஏலம்' போர்ச்சுக்கீசிய 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சாவி, ஜன்னல், மேசையும் அந்த மொழி தந்தவைதான். 1658ல் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். நாம் சாதாரணமாகச் சொல்லும் 'துட்டு', அவர்களுடைய 'டொய்ட்' நாணயத்தின் பெயர்.

இங்கிருந்து போனவையும் உண்டு. கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. சங்கு, 'சாங்க்' ஆனது.

இப்போது என்ன நிலை?

இன்ஜின் வந்தபின் பாய் போனது. ஜிபிஎஸ் திசை காட்டுகிறது. வானிலை எச்சரிக்கை 'தென்மேற்குத் திசைக் காற்று' என்கிறது. அதே காற்றைத்தான் பெரியவர்கள் கச்சான் என்கிறார்கள். எச்சரிக்கையில் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொன்னால், கரையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்.

இந்த வழக்குச் சொற்களை நிறைய வாசிக்க நினைப்பவர்களுக்கு ஜோ டி குரூஸின் நாவல்கள் இருக்கின்றன. அவரது 'கொற்கை' 2013ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ஆனால் புத்தகத்தில் ஏறாத சொற்கள் இன்னும் நிறைய. அவை பாய்மரம் ஓட்டிய தலைமுறையின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுத் தாத்தா கடலுக்குப் போனவர் என்றால், கேட்டு எழுதி வையுங்கள்.