ஐந்து ஷில்லிங்கும் ஒரு தேர்தலும்

வரியை உயர்த்துகிறோம், வாக்களியுங்கள் என்று கேட்கத் துணிந்த அரசியல்வாதிகள் சரித்திரத்தில் மிகச் சிலரே. மக்கள் அதற்கு இசைவார்களா என்ற கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது, பிரிட்டனில் 1910 ஜனவரியில் நடந்த பொதுத் தேர்தல்.

கதை தபாலாபீசில் தொடங்குகிறது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து 70 வயதடைந்த ஏழை முதியோர் வாரந்தோறும் 5 ஷில்லிங் வரை அங்கே உபகாரச் சம்பளம் பெற்றனர். அதற்கு முன்போ, முதுமையில் வறுமை வந்தால் ஏழைகள் விடுதியே பலருக்குக் கதி. அதனுள் நுழைவதைப் பெரும் மானக்கேடாகக் கருதினார்கள்.

கொடுத்தாகிவிட்டது; பணத்துக்கு வழி? போர்க்கப்பல்களும் கட்ட வேண்டியிருந்தது. நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் 1909 ஏப்ரலில் தம் வரவு செலவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 5,000 பவுனுக்கு மேல் வருமானமுள்ளோருக்குத் தனி மேல்வரி. நிலத்தின் மதிப்பு உடையவனது உழைப்பின்றியே உயர்ந்தால், அந்த உயர்வில் ஐந்தில் ஒரு பங்கு வரி. சாராயத்துக்கும் புகையிலைக்கும் தீர்வை ஏறிற்று. ஏழையும் தப்பவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிரபுக்கள் சபை நவம்பர் 30-ஆம் தேதி, 350-க்கு 75 என்ற வாக்குகளால் திட்டத்தைத் தள்ளிற்று. வழக்கு வாக்காளரிடம் சென்றது.

ஆளும் லிபரல் கட்சிக்கு 1906-இல் கிடைத்ததைவிட நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் குறைந்தன. எதிர்க்கட்சியைவிட ஓரிரு இடங்களே மிகுதி. தென் இங்கிலாந்து பெரிதும் கைவிட்டது; ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தொழில் நகரங்கள் நிறைந்த வடக்கும் கைகொடுத்தன. தொழிற்கட்சி துணைநின்றது. அயர்லாந்து உறுப்பினர்க்குச் சாராயத் தீர்வை கசந்தது. சுயாட்சியை எண்ணி விழுங்கிக்கொண்டார்கள். 1910 ஏப்ரலில் திட்டம் சட்டமாயிற்று.

இதை வரிக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாட நான் துணியேன். பெண்களுக்கு அன்று இத்தேர்தலில் வாக்குரிமை இல்லை. ஆண்களிலும் பலருக்கு இல்லை. பிரபுக்கள்மீது இருந்த கோபமும் வாக்குப் பெட்டியில் விழுந்தது. மேல்வரி கட்டவேண்டியவர்களோ மிகச் சிலர். ஆயினும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உதவி முன்னே வந்தது, வரி பின்னே வந்தது. வாக்களிக்கச் சென்றவர்களில் பலர், தம் வீட்டு முதியவர் ஓராண்டாக வாங்கிவந்த ஷில்லிங்குகளைக் கண்ணால் கண்டவர்கள்.

அத்தனை புயலைக் கிளப்பிய நிலவரி சொற்பமே ஈட்டியது. 1920-இல், லாயிட் ஜார்ஜே பிரதம மந்திரியாக இருந்தபோது, அது ரத்தாயிற்று. முதியோரின் உபகாரச் சம்பளமோ அதற்கு முந்திய ஆண்டே வாரம் 10 ஷில்லிங்காக உயர்ந்திருந்தது.