தாமிரபரணிக் கரையில் மணல் முற்றமும் சரளை முற்றமும்

வீட்டு முற்றத்தில் ஆற்று மணலோ சரளைக்கல்லோ பரப்பி அமைக்கும் தளம் மணல் முற்றம், சரளை முற்றம் எனப்படும். சேரன்மகாதேவி தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர். ஆற்றங்கரை ஊர்களில் முற்றத்துக்கும் கல்யாணப் பந்தலுக்கும் ஆற்று மணலே விரிக்கப்பட்டது. ஒரு மாட்டுவண்டி மணல் போதும். சேறாகாது, மழைநீரும் கீழே இறங்கிவிடும்.

பிற்காலத்தில் கட்டுமானத்துக்காக இயந்திரங்கள் ஆற்றில் இறங்கின. பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள 5 ஆண்டுகள் தடை விதித்தது. முற்றத்து மணலால் ஆறு கெடவில்லை. ஆயினும் மணல் அரிதானதும் முற்றங்கள் சிமெண்ட் தளமாயின. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில்தான் இதுவும் நடந்தது.

சிமெண்டுக்கு மாற்று சரளை. அதுவும் குன்றை உடைத்தே வருகிறது என்பதால் தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. நான்கு அங்குலம் தோண்டி, சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, திமிசுக்கட்டையால் இறுக்கி, மேலே அரை அங்குல ஜல்லி பரப்புவர். உருண்டைக் கூழாங்கல் காலடியில் உருளும். முனையுள்ள ஜல்லி ஒன்றோடொன்று பற்றி நிற்கும். ஓரத்தில் செங்கல் பதிக்காவிட்டால் கல் சிதறும். சருகைக் கூட்டாமல் விட்டால் மக்கி மண்ணாகி, அதில் கோரை முளைக்கும். மழை பெய்த மறுநாள் கிழங்கோடு தோண்டியெடுப்பது எளிது.