உறங்கிய சட்டம் விழித்தது

சட்டநூலில் பொறிக்கப்படும் ஒரு விதி சில வேளைகளில் ஒரு தலைமுறைக் காலம் உறங்கிக் கிடக்கும். பின்னர் எவரும் எதிர்பாராத ஒரு நாளில் விழித்தெழுந்து மக்களுக்குக் காவல் நிற்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஷேல் எரிவாயு எடுப்போரை நெறிப்படுத்த எழுந்த போராட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

பென்சில்வேனியா, மண்ணைத் தோண்டிச் செல்வம் கண்ட நாடு. 1859ஆம் ஆண்டில் எட்வின் டிரேக் என்பார் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி பெற்ற டைட்டஸ்வில் நகரம் இம்மாநிலத்திலேதான் உள்ளது. இதன் நிலக்கரி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு உணவாயிற்று. ஆயினும், அவ்வளத்திற்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து கசிந்த அமில நீர் ஓடைகளைச் செந்நிறமாக்கி மீனினத்தை அழித்தது. 1948இல் டொனோரா நகரில் ஆலைப்புகை மூடுபனியோடு கலந்து பல நாள் தேங்கி நின்றபோது 20 பேர் மாண்டனர். 1959இல், சஸ்குவெஹானா ஆற்றுப்படுகையை மிக நெருங்கிக் குடையப்பட்ட நாக்ஸ் சுரங்கத்தினுள் ஆறே உடைத்துக்கொண்டு பாய்ந்தது. உயிரிழந்த 12 தொழிலாளர்களின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

இத்துயரங்களின் நினைவு மறையாத காலத்தில், பிராங்க்ளின் குரி என்னும் இளம் சட்டமன்ற உறுப்பினர், மாநில அரசியல் சட்டத்தில் ஒரு புதிய விதியைச் சேர்க்க முனைந்தார். தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை. பொது இயற்கை வளங்கள் இன்று வாழ்வோர்க்கும் இனிப் பிறப்போர்க்கும் பொதுச் சொத்து. அரசு அச்சொத்தின் அறங்காவலர். இதுவே அவ்விதியின் சாரம். 1971ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் அதனை ஏற்றனர். உரிமைகளைப் பற்றிய இயலில் அது 27ஆம் பிரிவாக இடம்பெற்றது.

ஆனால், விதி எழுதப்பட்ட ஏடு காய்வதற்குள் அதன் வலிமை குன்றிற்று. 1973இல், வில்க்ஸ்-பாரி நகரில் ஒரு சாலையை அகலப்படுத்துவது குறித்த வழக்கில், அரசு எளிதில் கடந்துவிடக்கூடிய ஓர் அளவுகோலை வழக்குமன்றம் வகுத்தது. அதன்பின் நாற்பதாண்டுக் காலம் 27ஆம் பிரிவு உறைக்குள் கிடந்த வாளாயிற்று.

இதற்கிடையே தொழில்நுட்பம் வளர்ந்தது. களிமண் இறுகி உண்டான ஷேல் பாறையில் எரிவாயு இருப்பது முன்பே அறிந்த செய்தி. அதனை இலாபத்தோடு வெளிக்கொணரும் வழிதான் அரிதாயிருந்தது. 1990களின் இறுதியில், ஜார்ஜ் மிட்செல் என்பாரின் நிறுவனம் டெக்சாசில் அவ்வழியைச் செம்மைப்படுத்தியது. நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் பேரழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை அது. பென்சில்வேனியாவின் பெரும்பகுதிக்கு அடியில் மார்செல்லஸ் என்னும் ஷேல் படிவு உண்டு. 2004ஆம் ஆண்டு முதல் துளைப்போர் அதனை நாடி வந்தனர். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட உழவர் பலர்க்கு எதிர்பாராத வருவாய் கிட்டியது. எனினும், ஒவ்வொரு கிணறும் பல மில்லியன் கேலன் நீரை விழுங்கியது; உப்பு மிகுந்த கழிவுநீரைக் கக்கியது. அக்கழிவுநீரை ஆற்றில் நீர்விடும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்ப வேண்டாமென 2011இல் மாநிலம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

நடுவண் அரசின் காவலும் தளர்ந்திருந்தது. 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் நிலத்தினுள் திரவங்களைச் செலுத்துவதை நெறிப்படுத்தியது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டமோ, டீசல் பயன்படுத்தப்படும் இடங்கள் தவிர, பாறைப் பிளப்புக்கு அதிலிருந்து விலக்களித்தது. 2012இல் பென்சில்வேனியா இயற்றிய 13ஆம் சட்டம் கிணறுகளுக்குக் கட்டணம் விதித்தது. ஆனால் குடியிருப்புப் பகுதி உட்பட எல்லாப் பகுதிகளிலும் துளைப்புக்கு ஊராட்சிகள் இடங்கொடுக்க வேண்டுமென்றும் ஆணையிட்டது. தம் ஊரின் அமைப்பைத் தாமே வகுக்கும் உரிமையை மக்கள் இழந்தனர்.

ராபின்சன் முதலான 7 ஊராட்சிகள் வழக்குத் தொடுத்தன. 2013 டிசம்பர் 19ஆம் நாள், மாநில உச்சநீதிமன்றம் 4க்கு 2 என்னும் கணக்கில் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. நால்வருள் மூவர், தலைமை நீதிபதி ரொனால்ட் காஸ்டில் தலைமையில், தம் முடிவுக்கு அடிப்படையாகக் கொண்டது மறக்கப்பட்ட அந்த 27ஆம் பிரிவையே! 2017இல் அதே மன்றம் 1973ஆம் ஆண்டின் அளவுகோலைத் தள்ளிவிட்டது. மாநிலக் காடுகளில் எடுக்கப்படும் எரிவாயுவின் உரிமத்தொகையும் மக்களுக்குரிய அறக்கட்டளைச் சொத்தேயெனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகளால் துளைப்பு நின்றுவிடவில்லை. எரிவாயு உற்பத்தியில் பென்சில்வேனியா முன்னணியிலேயே நிற்கிறது. ஆனால், கிணறு எங்கு அமையலாம் என்று கேட்கும் குரல் ஊர்மக்களுக்கு மீண்டும் கிடைத்தது. 1971இல் வாக்களித்தோருள் பெரும்பாலோர் மார்செல்லஸ் என்னும் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் அறிந்தவை செந்நிற ஓடையும் நச்சுப்புகையும் உடைந்த ஆறுமே. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முதுமொழி. பழைய வெள்ளத்தில் நனைந்தவர்கள், தாம் காணாத வெள்ளத்திற்கு அணை கோலிச் சென்றனர். துன்பத்தில் கற்ற பாடத்தைச் சட்டமாக்கி வைக்கும் தலைமுறையே வருங்காலத்திற்கு உற்ற காவலனாகும்.