இராமானுஜன் எழுதிய மூன்று மடல்கள்

ஒரு கல்லூரியில் பயில்வோர் மற்றொரு பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பிக்கும்போது, தம்மைப் பற்றித் தாமே ஒரு பக்கம் எழுதித் தருமாறு இந்நாளில் பல இடங்களிற் கேட்கின்றனர். தற்புகழ்ச்சி தகாது என்று கேட்டு வளர்ந்த நம் புதுவைப் பிள்ளைகள் இங்கே தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை நீக்கவல்ல சான்று ஒன்று நம் வரலாற்றிலேயே உண்டு.

1887இல் ஈரோட்டிற் பிறந்த சீனிவாச இராமானுஜன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1910இல், புதுவைக்கு மேற்கே திருக்கோவலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரை நாடி, தம் கணக்கேடுகளைக் காட்டினார். சான்றிதழ் பேசாத இடத்தில் ஏடுகள் பேசின.

முதல் மடல் 1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பம். எஃப்.ஏ. வரை பயின்றதையும், சூழ்நிலை தடுத்ததால் மேலே தொடர இயலாமற் போனதையும் அதில் ஒரே தொடரிற் கூறி முடித்தார். அடுத்த தொடரிலேயே, தம் காலம் முழுவதும் கணிதத்துக்கே செலவாவதைத் தெரிவித்தார். மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் பணி கிடைத்தது.

இரண்டாவது மடல் 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியது. தாம் ஓர் எழுத்தர், ஆண்டு வருவாய் 20 பவுன், பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்று தொடங்கி, தாம் கண்ட முடிவுகளைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். வேண்டியதோ, அவை தகுதியுடையவையாயின் வெளிவர வேண்டும், அறிவுரை வேண்டும் என்பதே. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அவற்றை ஆராய்ந்து, பிப்ரவரி 8ஆம் நாள் நிறுவல்களைக் கேட்டு விடை எழுதினார்.

மூன்றாவது மடல் அம்மாதம் 27ஆம் நாளையது. தாம் அரைப்பட்டினியாக இருப்பதையும், ஹார்டியின் பரிவுரை கிடைத்தால் உதவித்தொகை பெற வழி பிறக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதினார். பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பாண்மையும் பெற்றார்.

இம்மடல்கள் உணர்த்துவன யாவை? குறையை மறைக்கவும் வேண்டா, அதைக் கூறிப் புலம்பவும் வேண்டா. ஒரு தொடர் போதும். எஞ்சிய இடம் நீங்கள் செய்த பணிக்கு உரியது. "கணிதத்தில் ஆர்வமுடையேன்" என்பதினும், செய்த கணக்கைக் காட்டுவதே வலிமை. வேண்டுவதையும் தெளிவாகக் கேளுங்கள். ஆயினும் ஒன்று: ஹார்டிக்கு எழுதிய மடலில் தம் வயது ஏறத்தாழ 23 என்றார், உண்மையில் அப்போது 25. மேதைக்கும் இவ்வாறு நேரும். ஆகவே அனுப்புமுன் ஒவ்வோர் எண்ணையும் சரிபாருங்கள்.

அவர் 1920இல் 32 வயதிலேயே மறைந்தார். அன்று கூச்சத்தால் அந்த அஞ்சலை அனுப்பாதிருந்தால் கேம்பிரிட்ஜ் ஆண்டுகள் அவருக்குக் கிட்டியிருக்குமோ என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் எழுதத் தொடங்குங்கள்.