பூண்டுலோயா நீர்வழியும் தக்கைத் தூண்டிலும்

பூண்டுலோயா என்ற ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'ஓயா' என்பது சிற்றாற்றைக் குறிக்கும் சிங்களச் சொல். டன்சினன் தோட்டத்தருகே அருவியாக விழுந்து, கொத்மலை ஓயாவின் வழியே மகாவலியைச் சேரும் அந்நீர், மலைநாட்டின் பிற ஓயாக்களைப் போலவே குளிர்ச்சியும் விரைவும் உடையது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், இத்தகைய ஓடைகளைக் கண்ட ஆங்கிலேயத் துரைமார், தம் நாட்டு டிரவுட் மீன் இங்கும் வாழும் எனக் கருதி, 1880களில் பழுப்பு டிரவுட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர். அது இங்கு பெருகாமற்போகவே, பின்னர் விடப்பட்ட ரெயின்போ டிரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. 1896இல் இதற்கெனவே இலங்கை மீன்பிடிக் கழகமும் அமைந்தது.

டிரவுட், நீரின் மேலும் மேலடுக்கிலும் வரும் பூச்சிகளை விரும்பி உண்பது. ஆகவே இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப்பூச்சியாகிய 'ஈ'யை வீசிப் பிடிப்பதே துரைமாரின் முறையாயிற்று. தக்கையிட்டுப் பிடிக்கும் கெண்டை முதலிய மீன்களை அவர்கள் நாட்டு வழக்கு 'முரட்டு மீன்' என்ற பொருள்படும் பெயரால் ஒதுக்கி வைத்திருந்தது. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூல் தக்கையும் இறகுத்தண்டும் கொண்டு மிதவை செய்வதைச் சற்றும் இழிவின்றி விளக்கியிருக்க, பிற்காலத்தார் மீனுக்கும் சாதி வகுத்தது வியப்புக்குரியதே.

தமிழருக்கோ தூண்டில் தொன்மையானது. திருக்குறளின் சூது அதிகாரமே மீன் விழுங்கும் தூண்டில் முள்ளை உவமையாக்குகிறது. ஏரியும் கண்மாயும் நிறைந்த தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள், மண்புழுவையும் தக்கையையும் அறிந்தே வந்திருக்க வேண்டும். எனினும் தக்கைக்கு ஏற்றது தேங்கிய அல்லது மெல்ல நகரும் நீர். பாறைகளில் மோதி ஓடும் ஓயாவில், சுழிக்குப் பின்னால் அமைந்த மடுக்களே அதற்கு இடம் தரும்.

தக்கையின் வேலை இரண்டு: இரையை வேண்டிய ஆழத்தில் நிறுத்துவதும், கண்ணுக்குத் தெரியாத மீனின் செயலைக் கண்ணுக்குக் காட்டுவதும். தங்கூசியில், அதாவது நைலான் இழையில், தக்கைக்குக் கீழே ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்வவிட்டு, தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும் அளவுக்கு எடையைச் சரிசெய்ய வேண்டும். தக்கை அதிகம் வெளியே நின்றால், அதை இழுக்கும் மீன் எதிர்ப்பை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும். தக்கை அமிழ்ந்தால் மட்டுமே மீன் கடித்தது என்று எண்ணுவது புதியவர் செய்யும் பிழை. அடியிலுள்ள இரையை மீன் வாயால் கவ்வி மேலே தூக்கும்போது, ஈயத்தின் பாரம் நீங்கித் தக்கை எழும்பிப் படுத்துவிடுவதும் உண்டு.

இம்முறைக்கு உரிய நீரும் மீனும் மலைநாட்டில் பின்னரே பெருகின. 1915இல் ஐரோப்பியக் கெண்டை மேல்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கைக்கு வந்தது. 1985இல் கொத்மலை அணை நிறைவுற்றபோது, விரைந்தோடிய ஆறு பரந்த நீர்த்தேக்கமாயிற்று. ஈ வீசுவோர்க்கு அது இழப்பு, தக்கையிடுவோர்க்கு ஆதாயம். ஆயினும் மின்னுற்பத்திக்காக நீர் திறக்கப்படுந்தோறும் தேக்கத்தின் மட்டம் மாறுவதால், நேற்று அளந்து கட்டிய ஆழம் இன்று பொருந்தாது. முள்ளில் ஈயக் கட்டியைக் கோத்து அடியை மீண்டும் அளந்த பிறகே தக்கையை இடம் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது.