வழியின் உரிமை

ஹாலந்து என்னும் நாட்டின் பெயரை நாம் முதன்முதலாக அறிந்தது ஓர் அரபு மதரஸாவின் நூலகத்தில்தான். லெய்டன் நகரில் அச்சான அரபு நூல்கள் சில அங்கே கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1613ஆம் ஆண்டில் எர்ப்பேனியுஸ் என்பார் அரபுப் பேராசிரியராய் அமர்ந்து, அவ்வாண்டிலேயே அரபு இலக்கண நூலொன்றையும் வெளியிட்டார். வென்சின்க் தொடங்கி வைத்து 1936 முதல் வெளிவந்த நபிமொழிச் சொல்லடைவும் அங்கே பிறந்ததேயாகும். ஒரு சொல் நினைவில் இருந்தால் போதும், நூலையும் அத்தியாயத்தையும் எண்ணையும் அது காட்டிவிடும்.

நம் கடற்கரைக்கோ அம்மக்கள் வேறு முகத்தோடு வந்தார்கள். பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். மரக்காயர்களின் கலங்கள் தங்கள் சீட்டுப் பெற்றே கடலோட வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். கடல்வழி எல்லார்க்கும் பொது என்பதை அன்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே நாட்டார் தம் நிலத்தில், மோட்டார் வண்டி நுழையாத தனிப்பாதைகளை மிதிவண்டிக்கென்றே நாடு முழுதும் அமைத்திருக்கின்றனர். அவ்வரலாற்றை நாம் தேடிப் படித்ததற்குக் காரணம் கெலவரப்பள்ளியில் இருக்கிறது.

கால்வாய்க் கரையில்

ஓசூரிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையின் குறுக்கே அமைந்தது கெலவரப்பள்ளி அணை. அதன் இடது, வலது கால்வாய்கள் ஓசூர், சூளகிரி வட்டாரங்களில் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகின்றன. கடல் மட்டத்திற்கு மேல் மூவாயிரம் அடி அளவில் உள்ள மேட்டுநிலமாதலால் வெயில் கடுமையாய் இராது. கால்வாய்க் கரையோரம் மண்பாதை ஒன்று செல்கிறது. ஒருபுறம் நீர், மறுபுறம் கேழ்வரகும் காய்கறியும் பசுமைக்குடில் ரோஜாவும். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் ஆறு சில நாட்களில் நுரை பொங்கி நாற்றமெடுக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் பஜ்ருக்குப் பின் அக்கரையில் மிதிவண்டி ஓட்டிச் செல்வது நமக்குப் பல்லாண்டுப் பழக்கம்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் உலகமே வேறாகிவிடும். 1980ஆம் ஆண்டில் இரண்டு பேர் அமரக்கூடிய டி.வி.எஸ். 50 மொபெட்டை நாட்டுக்குத் தந்தது ஓசூர். கனரக வண்டிகள் உருவாவதும் அங்கேதான், இன்று மின்சார ஸ்கூட்டர்கள் உருவாவதும் அங்கேதான். பெங்களூரையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் லாரிகளின் வரிசை இரவிலும் ஓய்வதில்லை. வண்டிகளைப் பெற்றெடுக்கும் ஊரில் நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்கும் வழி சுருங்கிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவனை அந்நெடுஞ்சாலையின் இணைப்புச் சாலையில் ஒரு லாரி இடித்துச் சென்றது. பிளஸ் ஒன் வகுப்பில் அரசு தந்த புத்தம் புதிய மிதிவண்டி நசுங்கிப் போயிற்று. அல்லாஹ்வின் அருளால் பிள்ளை உயிர் பிழைத்தான். இடக்கால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மறுவாரமே பெற்றோரைக் கூட்டி, “இனி எந்தப் பிள்ளையும் சைக்கிளில் வரக்கூடாது” என்று கட்டளையிட்டோம். அனைவரும் அதனை நல்ல முடிவென்றே ஏற்றனர். ஆறு மாதம் சென்று ஊன்றுகோலோடு வந்த அந்த மாணவன் மட்டும் கேட்டான்: “ஹஜ்ரத், ரோட்டுக்கு என்ன செஞ்சீங்க?”

நம்மிடம் விடையில்லை. அதன் பின்னரே ஹாலந்து நாட்டு வரலாற்றைப் படித்தோம்.

சந்தா கொடுத்துப் போட்ட பாதைகள்

ஹாலந்தின் நிலம் பெரும்பாலும் சமதளம். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்கும் கீழே உள்ளது. கரைகட்டி, நீரை இறைத்து, கடலிடமிருந்தும் ஏரியிடமிருந்தும் மீட்ட வயல்களை அவர்கள் போல்டர் என்பர். 1612இல் நீர் வடிக்கப்பட்ட பேம்ஸ்டர் அவற்றுள் புகழ்பெற்றது. கயிறு பிடித்தாற்போன்ற நேர்கோட்டுக் கால்வாய்களும் வழிகளும் உடையது. கரைகளைக் காக்க 13ஆம் நூற்றாண்டு முதலே நீர் வாரியங்கள் இருந்து வந்தன. கரை உடைந்தால் செல்வன் வயலும் ஏழை வயலும் ஒன்றாகவே மூழ்கும். ஆதலால் பொதுக்கரையைப் பொதுவில் காக்கும் வழக்கம் அம்மக்களிடம் ஊறிப்போயிற்று. அக்கரைகள் பலவற்றின் மேல்தான் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன.

1883இல் மிதிவண்டிக்காரர் சங்கம் ஒன்று அங்கே தோன்றிற்று. 1885இல் உத்ரெக்ட் நகரின் மாலிபான் என்னும் மரநிழல் சாலையில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் மக்களே பாதைக் கழகங்களை நிறுவினர். ஆளுக்குக் கொஞ்சம் சந்தா கொடுத்து, புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் ஒடுங்கிய பாதைகளைப் போட்டனர். 1919 முதல், காளான் வடிவிலான சிறு வழிகாட்டிக் கற்கள் அப்பாதைச் சந்திகளில் நடப்பட்டன.

1924இல் அரசு மிதிவண்டிக்கு வரி விதித்தது. வரி செலுத்தியதன் அடையாளமாக உலோக வில்லை தந்தனர். நம் நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் மிதிவண்டிக்கு வில்லை வாங்கிய காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டு பேர் ஏறினாலும் விளக்கின்றிச் சென்றாலும் தண்டம் கட்டிய காலமும் அதுவே. அவர்கள் வரியோ 1926இல் ஏற்பட்ட சாலை நிதியில் சேர்ந்தது. பெருஞ்சாலைகளின் ஓரத்தில் மிதிவண்டிப் பாதை வேண்டும் என்று கேட்க அவ்வரியே மக்களுக்கு ஓர் உரிமையைத் தந்தது. 1941 வரை அவ்வரி நீடித்தது.

பிள்ளைகளின் பெயரால்

இதுவரை படித்தோர், இது அம்மண்ணின் இயல்பு, அம்மக்களின் குணம் என்று எண்ணக்கூடும். அப்படியன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செல்வம் பெருகிற்று, கார்கள் பெருகின. நகரங்களில் கட்டடங்களை இடித்துச் சாலைகளை அகலமாக்கினர். மிதிவண்டி பழமையின் சின்னம் என்று ஒதுக்கப்பட்டது. நாம் இன்று நின்றுகொண்டிருக்கும் இடத்தில் அவர்கள் அன்று நின்றார்கள்.

1971ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறார்கள். அவ்வாறு தம் சிறு மகளை இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் பத்திரிகையாளர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறார் கொலையை நிறுத்துங்கள் என்பது அதன் தலைப்பு. அது விபத்தென்று சொல்லப்பட்ட காலம். கொலையென்று அவர் பெயரிட்டார். அப்பெயரிலேயே இயக்கமொன்று எழுந்தது. மார்த்யே வான் புத்தன் என்னும் இளம்பெண் அதன் முதல் தலைவியானார். தாய்மார் தெருக்களை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டனர்.

1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தது. நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு தடை செய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் மிதிவண்டியில் சென்றனர். சாலை எப்படி இருக்கக்கூடும் என்பதை ஒரு தலைமுறை கண்ணாரக் கண்டது. பின்னர் டில்பர்க்கிலும் ஹேக்கிலும் அரசின் பொருளுதவியோடு மாதிரிப் பாதைகள் அமைந்தன. 1980களில் டெல்ஃப்ட் நகரம் முழுமைக்கும் பாதை வலையொன்று பின்னப்பட்டது.

இன்று அந்நாட்டில் மிதிவண்டிப் பாதைகளின் நீளம் 35,000 கிலோமீட்டருக்கும் மேல். நாட்டுப்புறத்தில் பயணம் செய்வோர்க்கென எண் முறையொன்றும் உண்டு. பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹியூகோ போலன் என்னும் சுரங்கப் பொறியாளர் வகுத்த முறை அது. 1995இல் அங்கே நடைமுறைக்கு வந்து, சில ஆண்டுகளில் ஹாலந்துக்கும் பரவிற்று. பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண் உண்டு. புறப்படுமுன் எண்களைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் போதும். கார்ச் சாலையைத் தொடாமலே கால்வாய்க் கரையிலும் காற்றாலை அருகிலும் நாள் முழுதும் செல்லலாம். மேடு இல்லாத அந்நாட்டில் எதிர்க்காற்று ஒன்றே பகை. சொல்லடைவின் எண்களால் நபிமொழியைத் தேடிப் பழகிய நமக்கு, எண்களால் ஊரைத் தேடும் இம்முறை அந்நியமாகத் தோன்றவில்லை.

பலன் என்ன? மக்கள்தொகையும் வண்டிகளும் பெருகியும், சாலையில் மாள்வோர் தொகை இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 700 ஆகக் குறைந்துள்ளது. நம் நாட்டிலோ 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேரைச் சாலைகள் விழுங்கின.

நம் கணக்கு

அரபியில் மிதிவண்டிக்குத் தர்ராஜா என்று பெயர். அதன் வேர்ச்சொல் படிப்படியாக நடப்பதைக் குறிக்கும். குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்குவதற்கும் அச்சொல்லே வழங்கும். வழியைத் தரீக் என்பர். அடித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. கால்கள் மிதித்து மிதித்து உண்டாக்கியதே வழி என்பது அகராதியாசிரியர் விளக்கம். அவ்விளக்கப்படி வழியின் முதல் உரிமையாளன் நடப்பவனே. ஃபிக்ஹு அறிஞர்களும் பொதுவழியில் எவர்க்கும் செல்லும் உரிமையுண்டு, பிறர்க்குத் தீங்கு நேராமை அதன் நிபந்தனை என்றே வகுத்தனர். 14ஆம் நூற்றாண்டில் மலபார் வழியே சென்ற இப்னு பதூதா, மரநிழலையும் அரை மைலுக்கு ஒன்றாய் அமைந்த மரச் சத்திரங்களையும் கிணறுகளையும் வியந்து குறித்திருக்கிறார். வழிப்போக்கனைப் பேணும் நாகரிகம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாக வேண்டியதன்று.

நம் தமிழகத்திலேயே 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் ஒரு பாடம் நடத்தியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நாளில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டப் பழகினர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். பின்னர் 2001-02இல் அரசு, பட்டியலின, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் பிறர்க்கும் அதனை விரித்தது. வண்டியைக் கொடுத்தோம், ஓட்டவும் கற்பித்தோம். வழியைத்தான் இன்னும் கொடுக்கவில்லை.

அந்நாட்டுப் பெற்றோரும் நம்மைப் போலவே அஞ்சினர். ஆயினும் அவர்கள் பிள்ளையைச் சாலையிலிருந்து விலக்குவதோடு நின்றுவிடாமல், ஆபத்தைச் சாலையிலிருந்து விலக்குமாறு கேட்டனர். நாம் பிறப்பித்த கட்டளை பிள்ளைகளைக் காத்தது உண்மை. அத்துடன் நம் கடமை முடிந்தது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டதும் உண்மை.

கெலவரப்பள்ளியில் கால்வாய்க் கரை ஏற்கெனவே இருக்கிறது. கடலை இறைத்து நிலம் எடுக்கவேண்டிய தொல்லை நமக்கில்லை. சில இடங்களில் மண்ணிட்டுச் செப்பனிட்டு, மோட்டார் வண்டி நுழையாதபடி கல்நட்டால், சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகள் பலர் நெடுஞ்சாலையை மிதிக்காமலே பள்ளிக்குப் போகலாம். இதனை விண்ணப்பமாக எழுதி, ஜமாஅத்தாரும் பிற சமுதாயப் பெரியோரும் கையொப்பமிட, உரிய அலுவலகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் கையொப்பம் ஊன்றுகோலோடு வந்த அம்மாணவனுடையது. இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான்.

விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “ரோட்டுக்கு இப்பதான் ஹஜ்ரத் எழுதியிருக்கீங்க” என்றான். அவ்வளவு காலம் கடத்தியதற்கு வல்ல இறைவன் நம்மை மன்னிப்பானாக.