லாந்தரிலிருந்து புரொஜெக்டர் வரை: வகுப்பறைச் சுவரில் விழுந்த வெளிச்சம்

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு என்ன கொடுப்பது என்று சங்கக் கூட்டத்தில் கேட்கப்பட்டபோது, வெளிநாட்டுக் கிளைகள் உட்படப் பலரும் சொன்னது வகுப்பறைகளுக்குப் புரொஜெக்டர் என்பதைத்தான். எத்தனை, எவ்வகை என்பதில் மட்டும் கருத்து ஒத்துவரவில்லை. அதே காசுக்கு மலிவானவை பத்து வாங்கி வகுப்புக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்றனர் சிலர். நல்லது இரண்டு போதும் என்றனர் வேறு சிலர். பௌதிகவியல் படிப்பித்தவள் என்பதால் விசாரித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. விசாரிக்கப் போனவள் பழங்கதைக்குள் இறங்கிவிட்டேன்.

சுவரில் படம் விழுத்தும் விளக்கை முதலில் அமைத்தவராக ஒல்லாந்து விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கருதப்படுகிறார். 1659 இல் அவர் அதற்கென வரைந்த படங்களில் ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றுகிறது. பிள்ளைகளைப் பயப்படுத்தத் தெரிந்த மனிதர்! ஒரு விளக்கு, கண்ணாடியில் ஒரு படம், முன்னால் ஒரு வில்லை. அடிப்படை இன்றும் அவ்வளவுதான். 19 ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் இந்த ‘மாய லாந்தரை’ கீழைத்தேயங்களுக்குக் கொண்டு வந்தனர். மண்ணெண்ணெயில் எரியக்கூடியது என்பதால் மின்சாரம் இல்லாத ஊர்களுக்கும் அது போனது. ஆனால் பொழுதுபட்ட பின்னரே காட்ட முடியும். இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

1923 இல் கொடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் படச்சுருளை அறிமுகப்படுத்திய பின் சினிமாவும் பள்ளிக்கூடங்களுக்கு வரத் தொடங்கியது. இலங்கையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு 1948 இல் அமைக்கப்பட்டது. நான் மாணவியாக இருந்த அறுபதுகளில் படம் காட்டுவதென்றால் மண்டபத்து யன்னல்களுக்கெல்லாம் கறுப்புச்சீலை கட்டுவோம். வியர்த்துக் கொட்டும். ஒருமுறை பாதிப் படத்தில் மின்குமிழ் எரிந்துபோனது. மாற்றுக் குமிழ் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அந்தப் படத்தின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு வந்தது ஓ.எச்.பி. என்று நாங்கள் அழைத்த ஓவர்ஹெட் புரொஜெக்டர். ஆசிரியருக்கு வாய்த்த கருவி அது என்பேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடியே தாளில் எழுதலாம், யன்னலை மூடவும் தேவையில்லை. எங்கள் ஆய்வுகூடத்துக்கு அது வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. 1990 ஜூனில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மின்கலங்களும் மண்ணெண்ணெயும் கூடத் தடைப்பட்டியலில் சேர்ந்த காலம். பிள்ளைகள் இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். பகலில் நாங்கள் வண்ணச் சோக்கால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கரும்பலகையில் வரைந்தோம். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின் அடுத்த வருடம் திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தபோது ஓ.எச்.பி.யின் உடல் இருந்தது, குமிழ் இல்லை. அதன் மேற்தட்டிலிருந்த வரிவில்லையைக் கழற்றி, சூரிய ஒளியைக் குவித்துக் கடதாசி எரித்துக் காட்டப் பயன்படுத்தினேன். சாதனங்களில் அதிக நாள் உழைத்தது அதுதான்.

2002 இல் பாதை திறந்த பின், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவிகள் முதலாவது டிஜிட்டல் புரொஜெக்டரைத் தந்தார்கள். 1989 இல் எப்சன் நிறுவனம் திரவப் பளிங்குப் புரொஜெக்டரை விற்கத் தொடங்கியிருந்தது. 1987 இல் லாரி ஹோர்ன்பெக் கண்டுபிடித்த, கண்ணுக்குத் தெரியாத சிறு ஆடிகளாலான சில்லு மற்றொரு வகைக்கு வழிவகுத்தது. அந்த நாட்களில் இவையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள், நாங்களும்தான். சில வருடங்களில் விளக்கு மங்கி நின்றுவிட்டது. மாற்று விளக்கின் விலை புதுக்கருவியின் விலையில் பாதியை எட்டியது. கருவியும் அலுமாரிக்குள் போயிற்று. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் விளக்கைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

இனி இன்றைய தேர்வுக்கு வருகிறேன். மலிவுக் கருவிகளின் பெட்டியில் ஆயிரக்கணக்கான லுமென் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பவேண்டாம். 1992 இல் அமெரிக்க நியம நிறுவனம் வகுத்த முறைப்படி அளந்த ‘அன்சி லுமென்’ எவ்வளவு என்று கேளுங்கள். பல கருவிகளில் அது 200 அளவில் நிற்கும். கணக்கு எளிது. 2 மீற்றர் அகலமும் 1.25 மீற்றர் உயரமும் கொண்ட படத்தின் பரப்பு 2.5 சதுர மீற்றர். 200 லுமென் அதில் பரவினால் 80 லக்ஸ். 3,000 லுமென் என்றால் 1,200 லக்ஸ். அரைச்சுவர் வைத்த எங்கள் வகுப்பறையில் பகல் வெளிச்சமே சில நூறு லக்ஸ் இருக்கும். 80 லக்ஸ் படம் அங்கே தெரியாது. லாந்தர் காலத்து ‘பொழுதுபட்ட பின்னர்’ என்ற நிபந்தனைதான் திரும்ப வரும். வீட்டில், இரவில், ஒரு மீற்றர் அகலத்துக்குப் பேரப்பிள்ளைகளுடன் படம் பார்க்க அதே மலிவுக் கருவி தாராளமாகப் போதும். அதை நான் குறை சொல்லவில்லை.

‘1080 ஏற்கும்’ என்பதும் அப்படியானதே. அது உள்ளே வாங்கிக்கொள்ளும் படத்தின் அளவு. சுவரில் காட்டுவது 800 × 480 புள்ளிகளாக இருக்கலாம். உயிரியல் வரிப்படத்தின் சிறிய எழுத்துகள் பின்வாங்குப் பிள்ளைக்கு விளங்காது. 1280 × 800 உண்மைப் புள்ளிகள் வேண்டும்.

விளக்குக்கு 4,000 மணித்தியால ஆயுள் என்று வைப்போம். நாளுக்கு 4 மணித்தியாலம், வருடத்துக்கு 200 பாடசாலை நாட்கள் என்றால் 5 வருடம். திடீரென மின்சாரம் போனால் விசிறியும் நின்று, சூடான விளக்கு கெடும். 2022 மின்வெட்டை மறக்கவில்லைத்தானே? எல்.ஈ.டி., லேசர் வகைகளுக்கு 20,000 மணித்தியாலம் சொல்கிறார்கள், மின்தடையையும் நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் வகுப்பறைக்குப் போதிய வெளிச்சமுள்ள லேசர் வகை விலை கூடியது. ஆகவே நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: 3,000 அன்சி லுமெனுக்குக் குறையாத விளக்கு வகை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று விளக்கு ஒன்று இப்போதே, புழுதி வடிகட்டியை மாதம் ஒருமுறை துடைக்கப் பொறுப்பான ஓர் ஆசிரியை.

பத்துக் கேட்டவர்களுக்கு மனவருத்தம்தான். வகுப்புக்கு ஒன்று என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, நானும் மறுக்கவில்லை. தெரிவான இரண்டு அறைகளில் தெற்கு யன்னல்களுக்கு மட்டும் தடித்த சீலை தேவை. அளவெடுத்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கறுப்பு வேண்டாம் என்று அதிபர் சொன்னார், கடும்நீலம் பார்க்கிறோம்.